மேல் வீட்டுக்கு இன்னும் மூன்று வருஷம்

அந்த வெள்ளிக்கிழமை கூடத்தில் இருந்தவர்கள் வீட்டுக்காரர் பாய், அவருடைய மூத்த மகன், சமையலறை வாசற்படியில் முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பாயம்மா, பிறகு என் அம்மா, நான். வராதவர்கள் மூன்று பேர். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் ஷிஃப்டில் இருந்தார். தங்கை வேலூரில் கல்லூரியில் இருந்தாள். மூன்றாவது ஆள் வீட்டு புரோக்கர். முதல் இருவர் வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். புரோக்கர் வராததற்கும் காரணம் தெரியும். எங்கள் வீட்டைக் காட்டுவதற்கு வேறொரு குடும்பத்தை அழைத்துவரப் போயிருந்தார் அவர்.

எங்கள் வீடு என்று வாய் தானாகச் சொல்கிறது. அது பாயின் வீடு. ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் மூன்று மாடிக் கட்டடம். கீழே பாய் குடும்பமும், ஷூ சோல், லேஸ், அட்டை விற்கும் அவர்கள் கடையும். இரண்டாவது மாடியில் நாங்கள். நாலு லட்சம் லீஸ். பணத்தைக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது அதே நாலு லட்சம் கைக்குத் திரும்ப வரும். அந்த நாலு லட்சம், அம்மா ஷூ கம்பெனி ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து வந்த பி.எஃப்பும், போதாததற்கு விற்ற அவளுடைய சங்கிலியும். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அவ்வளவு பணம் ஓர் இடத்தில் சேர்ந்ததில்லை.

அதற்கு முன் நாங்கள் இருந்தது பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு வரிசை வீட்டில், ஒற்றை அறையில். வரிசைக் கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கக்கூஸ். தங்கை வளர்ந்த பிறகு அம்மா அவளுக்குத் துணையாகப் போய்க் கதவருகே நிற்பாள். யாராவது வந்தால் இருமுவாள். மேல் வீட்டுக்கு வந்த முதல் நாள் அம்மா செய்த ஒரே காரியம், குளியலறைக் கதவை உள்ளே போய்த் தாழிட்டுப் பார்த்ததுதான். வெளியே வந்து மறுபடி போய்த் தாழிட்டாள். "இன்னாம்மா பண்ற?" என்றேன். "நல்லா விழுதுடா" என்றாள், தாழ்ப்பாளை.

மூன்று வருஷம் முடியப்போனது. இடையில் ஊர் மாறிவிட்டது. இரண்டு அறையும் பாத்ரூமும் உள்ள வீட்டுக்கு இப்போது ஏழு லட்சத்துக்குக் கம்மியாக யாரும் வாயைத் திறப்பதில்லை. நாலு லட்சத்தை வாங்கிக்கொண்டு இறங்கினால் நேராகப் பழைய வரிசைக்குத்தான் போக வேண்டும். அம்மா ஒருநாள் சாதம் வடித்துக்கொண்டே சொன்னாள். "எங்க வேணாலும் போவேன். அங்க மட்டும் போவமாட்டேன்." வேறு எங்கே போக முடியும் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாய் படியேறி வந்தார். அவர் மேலே வருபவர் இல்லை. தண்ணீர்த் தொட்டி வழிந்தால் கீழே இருந்தே "மோட்டாரு" என்று ஒரு குரல் கொடுப்பார், மூன்று மாடிக்கும் கேட்கும். அன்று காலை வெள்ளைத் தொப்பியோடு, பாயம்மாவையும் கூட்டிக்கொண்டு, எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஹஜ்ஜுக்குப் பேர் வந்துடுச்சும்மா. ரெண்டு பேரும் போறோம். தெரிஞ்சோ தெரியாமலோ எதனா தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிடணும்."

"மோட்டாருக்குக் கத்தறத தவிர இன்னா பேசியிருக்கீங்க பாய்? அதயும் மன்னிச்சாச்சு" என்றாள் அம்மா.

பாயம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். பாயும் சிரித்தார், ஆனால் போகவில்லை. தொண்டையைச் செருமினார். "இன்னொண்ணும் இருக்குது. போறதுக்கு முன்ன கடனெல்லாம் தீர்க்கணும். முடியலன்னா, கடன் குடுத்தவங்க மனசார போய்ட்டு வான்னு சொல்லணும். உங்க நாலு லட்சம் என் தலைமேல இருக்குது."

அம்மா யோசிக்கவே இல்லை. "அது எங்க ஓடிடப்போவுது பாய். மனசாரச் சொல்றேன். நல்லபடியா போய்ட்டு வாங்க. எங்க பொண்ணுக்காகவும் துவா கேளுங்க."

என் வாய் நிறைய நுரை. அவர்கள் படியிறங்கிய பிறகுதான் துப்ப முடிந்தது. "எம்மா, இன்னா பண்ணிட்ட? அவர் நம்மகிட்ட ஒண்ணு கேட்டு வந்தாரு. நாம அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். லீஸை நீட்டிக் குடுங்க, அப்ப சொல்றோம்னு சேர்த்துப் பேசியிருக்கலாம்ல? கையில இருந்த ஒரே சீட்டயும் போட்டுட்டியே."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போலிருந்தது. "வாசல்ல நின்னு மன்னிப்பு கேக்கறவர்கிட்ட பேரம் பேசச் சொல்றியா? இதுக்கா உன்ன காலேஜுக்கு அனுப்பினேன்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர் வாசலில் வந்து கேட்டால், எந்தச் சாதி, எந்த மதத்து வீடாக இருந்தாலும் யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. கேட்டதும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் கம்பெனி அலுவலகத்தில் ஆர்டர் எழுதுகிறவன். ஒன்றை வாங்காமல் ஒன்றைக் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் மேனேஜர் சொல்லக் கேட்கிறவன். எனக்கு ஆறவில்லை.

நான் பயந்தது நாலே நாளில் வந்தது. பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பாயின் மகன் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். கடையில் அவர்தான் எல்லாம். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் கால்குலேட்டரை இப்போதுதான் கீழே வைத்தவர் போலப் பேசுவார்.

"தம்பி, அப்பாவுக்குக் கடனோட போக மனசில்ல. புரோக்கர் ஒரு பார்ட்டி வச்சிருக்கார். ஏழு ரெடி. உங்க நாலை செட்டில் பண்ணிட்டா உங்களுக்கும் பேஜார் இல்ல, எங்களுக்கும் இல்ல. மிச்சம் மூணை நான் கடையில போட்டுப்பேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாங்க, பேசிடலாம்."

எனக்கு அன்றிலிருந்து ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. பயம்தான், ஆனால் அதோடு சேர்ந்து பரீட்சைக்கு முந்தின நாள் போல ஒரு பரபரப்பு. மூன்று வருஷத்துக்கு முன் லீஸ் போட்டபோது புரோக்கர் எழுதி வந்ததில் அப்பா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். இந்த முறை எழுதப்போகிறவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான்தான், ஒரு பத்திரம் எழுத அதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடும் கம்ப்யூட்டரில், சாப்பாட்டு நேரத்தில், 'லீஸ் நீட்டிப்பு ஒப்பந்தம்' என்று தலைப்பு எழுதினேன். தலைப்பைப் பார்த்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

அம்மா தன் பங்குக்கு ஒரு லட்சம் கொண்டுவந்தாள். கடைசி வரை எடுக்காமல் விட்டு வைத்திருந்த சீட்டு, தங்கையின் ஃபீஸுக்கென்று. "நாலை அஞ்சாக்கறோம்னு சொல்லு. அஞ்சுன்னா பாய் யோசிப்பாரு." நானும் அப்படியே எழுதினேன். நூறு ரூபாய் பத்திரத்தில் டைப்பிங் செய்து வாங்கி, மடிப்பு விழாமல் ஃபைலில் வைத்து, வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் பெர்மிஷன் போட்டேன்.

கூடத்தில் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்தை மெதுவாகப் படித்தார். தமிழை ஒவ்வொரு எழுத்தாக உதடு அசைத்துப் படிப்பவர் அவர். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. 'லீஸ் தொகை ஐந்து லட்சமாக உயர்த்தப்பட்டு' என்ற வரிக்கு வந்ததும் நின்றார். அம்மா அந்த நேரம் பார்த்து, ஒரு லட்சம் இருந்த துணிப் பையை டீப்பாய் மேல் நகர்த்தினாள்.

பாய் இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை யாரோ நீட்டிய மாதிரி.

"இன்னாம்மா இது? நான் பாரத்தை இறக்கி வைக்கப் பாக்கறேன். நீங்க மேல ஒரு மூட்டைய ஏத்தறீங்களே."

இவ்வளவு யோசித்து எழுதிய எனக்கு இது தோன்றவே இல்லை. நாங்கள் பெரிய சலுகை என்று கொண்டுவந்தது அவருக்கு இன்னும் ஒரு லட்சம் கடன்.

மகன் உடனே உள்ளே புகுந்தார். "அதான் நான் சொல்றேன்பா. இவங்க நாலை இவங்களுக்குக் குடுத்துடலாம். ஏழு வருது. கணக்கு க்ளீன்."

சமையலறை வாசலில் பூண்டுத் தோல் ஊதப்படும் சத்தம் கேட்டது. பிறகு பாயம்மா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், யாரிடமோ பேசுகிற மாதிரி சொன்னார். "நாலு லட்சம் கடனோட போக பயப்படற மனுஷன, ஏழு லட்சம் கடனோட ஏத்தி அனுப்பறான் என் பிள்ளை. கணக்குல கெட்டிக்காரன்."

மகன் உருதுவில் ஏதோ சொன்னார். பாயம்மா தமிழிலேயே பதில் கொடுத்தார், எங்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோல.

"லீஸ்னா கடன் இல்லையா? திருப்பிக் குடுக்கணுமா, வேணாமா?"

"குடுக்கணும்."

"அப்ப அதுக்கு இன்னா பேரு?"

மகன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"சரி அம்மி, அப்ப இந்த நாலு மட்டும் கடன் இல்லையா? இதோட மட்டும் போலாமா?"

இதற்குப் பாய் பதில் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி, என் பத்திரத்தை டீப்பாய் மேல் வைத்துவிட்டு. "போலாம். இந்தம்மா போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டப்ப ஒரு நிமிஷம் யோசிக்கல, பதிலுக்கு ஒண்ணும் கேக்கல. பேரம் பேசி வாங்கின வார்த்தைன்னா எனக்கே உள்ள ஒரு சந்தேகம் இருந்துட்டே இருக்கும். நேத்து வரைக்கும் முகம் பாக்காத ஆளு, நாளைக்கு ஏழு லட்சம் குடுத்துட்டு அப்படிச் சொல்வானா?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவள் முழங்கை என் முழங்கையில் இடித்தது. தெரியாமல் பட்ட இடி இல்லை அது.

"அப்ப நாங்க இருக்கலாமா பாய்?" என்றாள்.

"இன்னும் மூணு வருஷம் இருங்க. பணம் நாலே நாலுதான், அதுக்கு மேல ஒரு பைசா வேணாம். ஆனா எழுதி வைக்கணும். வாய்ப்பேச்சு ஆகாது. எவ்ளோ கடன், யாருக்கு, எப்ப திருப்பணும், ரெண்டு சாட்சி." பிறகு என் பத்திரத்தைத் தட்டினார். "தம்பி, இது நீங்க என்கிட்ட வீடு கேக்கற மாதிரி இருக்குது. எனக்கு வேண்டியது நான் உங்களுக்குத் தர வேண்டியதுன்னு இருக்கணும். பழைய பேப்பர்ல யார் பேரு?"

"அப்பா பேரு."

"பணம் யாருது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா புடவைத் தலைப்பைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பணம் என்றால் குடும்பத்துப் பணம், பேர் என்றால் அப்பா பேர்.

"என்னோடதுதான் பாய். பி.எஃப்பு" என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

"அப்ப நான் கடன்பட்டது உங்களுக்கு. உங்க பேர்லதான் எழுதணும். ஆனா அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, பிற்பாடு மனஸ்தாபம் வரக்கூடாது."

அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பின்னால் தோல் ஊறும் டிரம் சுற்றுகிற சத்தம். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் "ஆங்? ஆங்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான் கத்த வேண்டியதாயிற்று. "இன்னும் மூணு வருஷம் இருக்கலாமாம்பா. பத்திரம் அம்மா பேர்ல எழுதலாமான்னு பாய் கேக்கறாரு."

டிரம் மட்டும் சுற்றியது. பிறகு அப்பா சொன்னார், அவரும் கத்தித்தான். "பணம் அவளுது, பேரு மட்டும் எதுக்குடா எனக்கு? அப்படியே வீட்டு வேலைக்கும் அவ பேரயே எழுதிடு, அதுவும் அவதான் செய்றா."

பாயம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மகன்கூடச் சிரித்துவிட்டார்.

புதுப் பத்திரம் வாங்க நான் ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன், மாடிப்படிக்குக் கீழே என் பைக் நிற்பது பாதித் தெரு தாண்டித்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போக வெட்கமாக இருந்ததால் பத்திரக் கடை வரை ஓடிவிட்டு, வரும்போது ஷேர் ஆட்டோவில் தொற்றி வந்தேன். பெயர் கேட்டபோது அம்மாவின் பெயரைச் சொன்னேன். கடைக்காரர் எழுதிக்கொண்டார். அவருக்கு அது ஒரு வேலை. நான் எழுத்துப் பிழை இல்லாமல் விழுகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"டைப்பிங் வேணாம். நீயே எழுது. படிச்ச பிள்ளைதானே" என்றார் பாய்.

எழுதினேன். 'நான், கீழ்க்கண்ட அம்மையாருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் ரூபாய் நான்கு லட்சம் மட்டும். அதுவரை அவர் என் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருப்பார். இன்றிலிருந்து மூன்று வருஷம் முடிந்ததும் அவர் கையில் கொடுப்பேன். எனக்குப் பின் என் வாரிசுகள் கொடுப்பார்கள்.' கடைசி வரி பாய் சொல்லச் சொல்ல எழுதியது. எழுதி முடித்ததும் பேனாவை வாங்கி, தான் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகனிடம் நீட்டினார்.

"முதல் சாட்சி நீ."

மகன் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரியைப் பார்த்தார். "மூணு வருஷம் கழிச்சு இந்த நாலு லட்சத்துக்கு எங்க போறதுப்பா?"

"நான் இருந்தா நான் பாத்துக்கறேன். இல்லன்னா நீ. அதுக்குத்தான் உன்னைப் போடச் சொல்றேன்."

மகன் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். கடையை நீட்டிக் கட்டும் கனவு அந்தப் பேனா முனையில் நிற்பது எனக்கே தெரிந்தது. பிறகு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என்னிடம் சொன்னார். "வாடகைதான் இல்ல, அந்த மோட்டாரையாவது ஒழுங்கா ஆஃப் பண்ணுங்க தம்பி."

இரண்டாவது சாட்சிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பாய் யோசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். புரோக்கர். பின்னால் கணவன், மனைவி, நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள். கணவர் வந்ததும் வராததுமாகக் கூரையில் ஓதம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார்.

"பாய், பார்ட்டி ரெடி. மேல் வீட்டைக் காட்டிடலாமா?"

"வாங்க வாங்க. சரியான நேரத்துக்கு வந்தீங்க. ஒரு சாட்சி கம்மியா இருந்தது."

புரோக்கர் பத்திரத்தை வாங்கிப் படித்தார். பாதியில் மூக்கைச் சொறிந்தார். முடிவில் என்னைப் பார்த்து, "உன் கையெழுத்தா? நல்லா இருக்குது. எனக்குத்தான் நல்லா இல்ல" என்றார். பிறகு பாயிடம், "என் கமிஷனை நானே கையெழுத்துப் போட்டுக் கொல்லணும்ன்றீங்க. சாட்சிக்கு எதனா உண்டா?"

"சாப்பாடு உண்டு. பார்ட்டிக்கும் சேர்த்து" என்றார் பாயம்மா.

"பக்கத்துத் தெருவுல இவங்களுக்கு ஒரு வீடு இருக்குது, அதே ஏழுக்கு. சாப்ட்டுட்டே கூட்டிப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே புரோக்கர் கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக அம்மா. எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் கம்பெனிச் சம்பள ரெஜிஸ்டரில் மாதாமாதம் போட்டுப் போட்டு அவள் கையெழுத்து என்னுடையதைவிட வேகமாக வரும். அன்று மட்டும் மெதுவாகப் போட்டாள். போட்டுவிட்டு, காயட்டும் என்று ஊதினாள். பால்பாயின்ட் பேனாதான்.

மேலே போனதும் நான் அந்தத் துணிப் பையை அலமாரியில் வைத்தேன், தங்கையின் ஃபீஸ் தங்கையின் ஃபீஸாகவே திரும்பியிருந்தது. அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். தண்ணீர் விழும் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "சேர்த்துப் பேசியிருக்கலாம்னு சொன்னியே?"

"விடும்மா."

"விடமாட்டேன். அப்பா வந்ததும் சொல்லுவேன்." சொன்னாள். தங்கை வந்ததும் அவளிடமும் சொன்னாள். இன்றுவரை சொல்கிறாள்.

அவர்கள் கிளம்பிய நாள் தெருவே கட்டடத்துக்கு முன்னால் நின்றது. சென்னை விமான நிலையத்துக்கு வேன். கறிவேப்பிலைக்குக்கூட விலை குறைக்கச் சொல்லிச் சண்டை போடுகிற என் அம்மா, அன்று காலை பூக்கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். முகூர்த்த நாள் வேறு. பாய்க்கு ஒரு ரோஜா மாலை, பாயம்மாவுக்கு நெருக்கமாகக் கட்டிய மல்லிகை. மாலையை அப்பா போட்டார், அன்று அவருக்கு ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். "அங்க நின்னு கேக்கும்போது எங்க வீட்டையும் நினைச்சுக்கங்க" என்றார். "யார் வீட்டை?" என்று கேட்டார் பாய். எல்லாரும் சிரித்தார்கள். வேன் திரும்பும் வரை நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அன்று மாலை, வழக்கம்போல், அப்பா கேட்டார். "எல்லாம் சேர்த்து எவ்ளோடா ஆச்சு?" நூறு ரூபாய் பத்திரத்தை நூற்றிருபதுக்கு விற்கிறார்கள், அது இரண்டு, ஒன்று என் அவசரத்தால் வீணானது. அந்த வீணானதற்கு டைப்பிங் நூற்றைம்பது. ஷேர் ஆட்டோ பத்து. பூ அறுநூற்று எண்பது. மேல் வீட்டில் இன்னும் மூன்று வருஷம் இருக்க எங்களுக்கு ஆனது ஆயிரத்து எண்பது ரூபாய்.